டியூட்டருக்கு எதற்குக் கணினி?

கல்லூரி திறந்த இரண்டாம் வாரம் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். மடிக்கணினியைத் திறந்து, மாணவர்களுக்கு வழிகாட்டும் டியூட்டர்களுக்கென்று ‘மாணவர் ஆலோசனை மென்பொருள்’ ஒன்றைக் காட்டினார். வேலூர் வெயிலில் மின்விசிறி அனல் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் வண்ண வண்ண வட்டங்கள் வந்து போயின. அவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“இனி டியூட்டர் வேலையையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நமக்கு விட்டது தொல்லை” என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். “வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதற்கு மேல் என்ன டெக்னாலஜி?” என்று கேட்டார் இன்னொருவர். புதிதாகச் சேர்ந்திருந்த கௌரவ விரிவுரையாளர், “பிள்ளைகள் எல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டுக்கொள்கிறார்கள் சார், நம்மிடம் யார் வருகிறார்கள்?” என்றார்.

மூவரும் மூன்று வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசினார்கள். மூன்றையும் ஒரே பெயரால் சொன்னதால் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. மாணவர்களும் பெற்றோரும் இப்படித்தான் குழம்புகிறார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஆலோசனை என்பது எது?

கல்வி ஆலோசனை என்று இங்கே சொல்வது மனநல ஆலோசனையை அன்று. அது தனித் துறை. ஒரு மாணவர் சேர்ந்த நாள் முதல் பட்டம் வாங்கும் நாள் வரை எந்தப் பாடத்தை எடுப்பது, எங்கே பின்தங்குகிறார், அரியரை எப்போது முடிப்பது, அடுத்து எங்கே போவது என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து யோசிக்கும் வேலைதான் கல்வி ஆலோசனை. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் இதைச் செய்கிறவருக்கு டியூட்டர் அல்லது மென்டர் என்று பெயர். வேலூரின் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிராக்டர் என்பார்கள். பெயர் எதுவானாலும் ஒருவர் தலையில் முப்பது முதல் அறுபது மாணவர்கள் வரை விழுவது சாதாரணம். என் கணக்கில் இந்த ஆண்டு 58 பேர்.

இந்த வேலை நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு வேலூரிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1898இல் தொடங்கப்பட்ட ஊரிசு கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், வீட்டில் பணக் கஷ்டம், புத்தகம் இலவசமாக வந்ததால் பாடமும் அதுவே ஆயிற்று. அவருக்கு அது நன்றாக முடிந்தது. எல்லாருக்கும் உறவினரின் பழைய புத்தகம் அப்படி வாய்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பி.சி.ஏ. படித்தார் என்பதற்காகவே பி.சி.ஏ.வில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் செமஸ்டரில் விழிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முன்பு தெரிவுகள் குறைவு. வகுப்பு முழுவதற்கும் ஒரே கால அட்டவணை, ஒரே பேப்பர்கள். ஆலோசிக்க அதிகம் இல்லை. இப்போது விருப்பப் பாடம், வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சி, ‘ஸ்வயம்’ தளத்தின் இணையவழிப் பாடம் என்று கிளைகள் பெருகிவிட்டன. வி.ஐ.டி.யின் நெகிழ்வு கிரெடிட் முறையில் பாடம், ஆசிரியர், நேரம் மூன்றையும் மாணவரே தேர்ந்தெடுக்கிறார். தெரிவு கூடக்கூடத் தவறான வழியில் போய்விடும் வாய்ப்பும் கூடுகிறது. 58 பேரின் கிளைகளையும் ஒரு டியூட்டர் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. கணினி உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

மருத்துவமனைக் கோப்பு

வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மருத்துவமனையை விட நல்ல உவமை இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குகிற குடும்பங்களின் கையைப் பாருங்கள். ஒரு கோப்பு இருக்கும். பெரிய மருத்துவமனை எதிலும் நோயாளி மருத்துவர் எதிரில் உட்காருவதற்குள் பல வேலைகள் முடிந்திருக்கும். பதிவு எண் போட்டிருப்பார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கும். செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்து, எண் எகிறியிருந்தால் தனியாகக் குறித்திருப்பார். ‘இந்த அறைக்கு எப்படிப் போவது’ என்று நூறு பேர் கேட்கும் கேள்விக்கு உதவி மேசையில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவற்றில் எதுவும் மருத்துவம் ஆகாது. ஆனால் இவை இல்லாவிட்டால் மருத்துவரின் பத்து நிமிடமும் ‘பெயர் என்ன, ஊர் எது, முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்’ என்பதிலேயே கரைந்துவிடும்.

ஆலோசனைத் தொழில்நுட்பமும் இதே வகையைச் சேர்ந்தது. கணக்குப் பார்ப்பது, எச்சரிப்பது, வழக்கமான கேள்விக்குப் பதில் சொல்வது என்று அதற்கு மூன்று வேலைகள். எங்கள் அறையில் பேசிய மூவரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழு யானையையும் விவரித்தார்கள்.

கணக்குப் பார்ப்பது

முதலில் கிரெடிட். ஒரு பாடத்தின் எடையைச் சொல்லும் எண் அது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால், அல்லது இரண்டு மணி நேர ஆய்வகம் நடந்தால், ஏறத்தாழ ஒரு கிரெடிட். பட்டம் வாங்க இத்தனை கிரெடிட் வேண்டும், அதுவும் இன்னின்ன வகையில் இத்தனை வேண்டும் என்று பல்கலைக்கழகம் விதி வகுக்கிறது. அந்த விதித் தொகுப்பைத்தான் கல்லூரி வட்டாரத்தில் ரெகுலேஷன் என்கிறோம்.

குழப்பமெல்லாம் அந்த ‘இன்னின்ன வகையில்’தான். நான் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பி.எஸ்சி. மாணவி. மேஜர் பேப்பர் அனைத்திலும் தேர்ச்சி, நல்ல மதிப்பெண். ஆறாம் செமஸ்டர் முடிந்து பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது, மேஜரைச் சேராத பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி என்ற சின்ன பேப்பரை அவர் எழுதவே இல்லை. முதலாண்டில் அம்மை போட்டிருந்த வாரத்தில் நடந்த தேர்வு அது. இரண்டே கிரெடிட். அதற்காக முதுகலைச் சேர்க்கையில் ஓராண்டு போயிற்று. இரண்டு ஆண்டுகளாக அவருடைய மதிப்பெண் பட்டியல் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. யாரும் எடுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

இதைப் பிடிப்பதற்கான கருவிக்குப் பட்டத் தணிக்கை என்று பெயர். ஒரு பக்கம் ரெகுலேஷனை விதிகளாகக் கணினியில் ஏற்றிவைப்பார்கள். மறுபக்கம் மாணவரின் தேர்ச்சிப் பதிவு. ஒவ்வொரு விதியாக எடுத்து ‘நிறைந்ததா, இல்லையா, எவ்வளவு பாக்கி’ என்று கணினி சரிபார்க்கும். மளிகைச் சீட்டையும் வாங்கி வந்த பையையும் எதிரெதிரே வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்கிற வேலைதான். இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் கிடையாது. ஆனால் 58 பேருக்கும் ஆறு செமஸ்டருக்கும் சலிக்காமல் டிக் அடிக்க மனிதரால் ஆகாது. மூன்று வேலைகளிலும் மிக எளியது இது. மிக அதிகம் பயன் தருவதும் இதுதான் என்பது என் கருத்து. விற்பனைப் பிரதிநிதிகள் இதைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை, திரையில் அழகாகத் தெரியாது என்பதால்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கல்விக் கிரெடிட் வங்கி என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்தது. மாணவர் பெயரில் ஒரு கணக்கு எண் தொடங்கி, படித்து வாங்கிய கிரெடிட்களை அதில் சேர்த்துவைப்பது அதன் நோக்கம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கணக்கும் கூடவே வரும். டிஜிலாக்கர் மூலம் பார்த்துக்கொள்ளலாம். ‘வங்கி’ என்ற சொல்லால் வந்த வினை, சேர்க்கையின்போது ஒரு தந்தை என்னிடம், “குறைந்தபட்சம் எவ்வளவு போட்டு வைக்க வேண்டும் சார்?” என்று சட்டைப் பையில் கைவைத்தபடி கேட்டார். ஒரு ரூபாயும் வேண்டாம். அதில் போடக்கூடியது படிப்பு மட்டும்தான்.

இதுவரை: கிரெடிட் என்பது பாடத்தின் எடை. பட்டத் தணிக்கை என்பது விதியையும் பதிவையும் ஒப்பிட்டுப் பாக்கியைச் சொல்லும் கருவி. அது கணக்குப்பிள்ளை, யோசனை சொல்லாது.

எச்சரிப்பது

கணக்கு என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. எச்சரிக்கை, வரப்போவதைப் பற்றியது. இங்கேதான் மிகுதியான மயக்கம்.

வருகைப்பதிவை எடுத்துக்கொள்ளலாம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்லூரித் தளத்தில் மாணவர் பார்க்கும் எண்ணோ ‘இன்றுவரை இத்தனை சதவீதம்’ என்பது மட்டும். அந்த எண் பல நேரம் ஏமாற்றும்.

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். 54 நாள் முடிந்த நிலையில் ஒருவர் 40 நாள் வந்திருக்கிறார். தளம் 74 சதவீதம் என்று சிவப்பில் காட்டும். வீட்டில் கலவரம் நடக்கும். உண்மையில் மீதி 36 நாளில் 28 நாள் வந்தால் போதும். இன்னும் எட்டு நாள் கைவசம் இருக்கிறது. இன்னொருவர் 80 நாளில் 61 நாள் வந்திருக்கிறார். தளத்தில் 76 சதவீதம், பச்சை நிறம், நிம்மதி. மீதி இருப்பது பத்து நாள். அதில் ஏழு நாள் வந்தாக வேண்டும். அக்காள் திருமணத்துக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் மொத்தம் 67 நாள்தான் தேறும். 74.4 சதவீதம். அபராதம் கட்டிக் கெஞ்ச வேண்டிய நிலை. பச்சையில் இருந்தவர் மாட்டிக்கொண்டார். சிவப்பில் இருந்தவர் தப்பித்தார்.

நல்ல எச்சரிக்கைக் கருவி ‘நீ எத்தனை சதவீதம்’ என்று சொல்லாமல், ‘உனக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம்’ என்று சொல்லும். இதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை முறை. இதன் எளிய வடிவம் வெறும் கழித்தல் கணக்குதான்.

இதற்கு அடுத்த படி, கணிப்பு. முந்தைய ஆண்டுகளின் ஆயிரக்கணக்கான மாணவர் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, படிப்பை நடுவில் விட்டவர்களிடம் முன்கூட்டியே என்னென்ன குறிகள் தெரிந்தன என்று தேடச் சொல்வார்கள். முதல் அகமதிப்பீட்டில் குறைந்தது, தன் மேஜர் பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியது, கட்டணம் தாமதமானது என்று அது ஒரு பட்டியல் எடுக்கும். அதே குறிகள் இந்த ஆண்டு மாணவரிடம் தெரிந்தால் பெயரை மேலே தூக்கிக் காட்டும். கணினிக்கு மாணவரைத் தெரியாது. ‘முன்பு இப்படி இருந்தவர்களில் பலர் நின்றுவிட்டார்கள்’ என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

பொன்னை ஆற்றிலும் பாலாற்றிலும் வெள்ள எச்சரிக்கை விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை நாம் பார்த்தோம். மேலே இத்தனை மழை, இத்தனை தண்ணீர் திறப்பு, ஆகவே கீழே கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து வரலாம் என்பது கணிப்பு. ‘உன் வீடு மூழ்கும்’ என்று அது சொல்வதில்லை. அறிவிப்புக்குப் பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கணிப்பால் ஒருவருக்கும் பயனில்லை.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு. 2012இல் தொடங்கி, 800க்கும் மேற்பட்ட குறிகளைக் கணினி நாள்தோறும் பார்த்து எச்சரிக்கும் முறையை அங்கே நடத்துகிறார்கள். முதல் மேஜர் பேப்பரில் ‘சி’ கிரேடு வாங்கிய மாணவரைப் ‘பாஸ்தானே’ என்று முன்பு விட்டுவிடுவார்கள்; பழைய பதிவுகளைப் பார்த்தபோது அதுவே பெரிய எச்சரிக்கைக் குறி என்று தெரிந்தது. அங்கே பட்டம் பெறுவோர் விகிதம் உயர்ந்தது. இந்தக் கதையைச் சொல்கிற பலரும் ஒரு பாதியை விழுங்கிவிடுகிறார்கள்: அந்தப் பல்கலைக்கழகம் மென்பொருளோடு நிற்காமல், மாணவர்களைக் கூப்பிட்டுப் பேச 40க்கும் மேற்பட்ட புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. ‘கம்ப்யூட்டர் வந்தால் டியூட்டர் வேண்டாம்’ என்ற மூத்த பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் நம் ஊரில் முதல் பாதியை மட்டும் வாங்குவார்கள்” என்றார். மறுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

கணிப்பு எப்போதும் சில பேரைத் தவறாகக் காட்டும். நானே வைத்த எண்களால் சொல்கிறேன். நூறு மாணவர்களில் உண்மையில் பத்துப் பேர் படிப்பை விடப் போகிறார்கள். கருவி இருபது பேரைச் சுட்டிக்காட்டுகிறது. அந்த இருபதில் எட்டுப் பேர்தான் உண்மையான பத்தைச் சேர்ந்தவர்கள். அதாவது பன்னிரண்டு பேர் மீது வீண் சந்தேகம். இரண்டு பேர் கண்ணில் படாமலே நழுவிவிட்டார்கள். இது மோசமான கருவியா? நூறு பேரையும் கூப்பிட நேரம் இல்லாத டியூட்டருக்கு, இருபது பேரைக் கூப்பிட்டு எட்டுப் பேரைப் பிடிக்க முடிவது பெரிய காரியம். மீதிப் பன்னிரண்டு பேருக்கு ஆகும் சேதம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஆனால் அந்த இருபது பேரின் பெயரையும் ‘தேறாதவர்கள்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அதே கருவி கொடுமையாகிவிடும்.

சுருக்கமாக: முன்னெச்சரிக்கை என்பது மிச்சத்தைக் கணக்கிட்டுச் சொல்வது. கணிப்பு என்பது பழைய பதிவுகளைக் கொண்டு யாரை முதலில் கூப்பிடலாம் என்று வரிசை போட்டுத் தருவது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இருக்காது.

பஞ்சாங்கம் தெரியாத கணினி

அந்த ‘ஏன்’ எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சோதனைக்காக ஒரு செமஸ்டர் மட்டும் இத்தகைய கருவி ஒன்றை நாங்கள் பயன்படுத்தினோம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் பெயர் ஆகஸ்டு மாதத்திலேயே சிவப்பில் வந்தது. அகமதிப்பீட்டில் நல்ல மதிப்பெண். ஆனால் முதல் மணி வகுப்புக்கு வருவதில்லை. முதல் மணியைத் தவறவிட்டால் அரை நாள் வருகை போய்விடும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். அரை நாள் அரை நாளாகச் சேர்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

திரையில் அவருடைய வரிசையைப் பார்த்தேன். முதல் சில வாரங்கள் எல்லாமே வெள்ளிக்கிழமை. அது கணினிக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்டு பிற்பகுதியிலிருந்து வெள்ளியோடு கூட ஒரு திங்கள், ஒரு வியாழன், ஒரு புதன் என்று சிதறிக் கிடந்தது. ‘ஒழுங்கற்ற வருகை’ என்று கருவி தலைப்புப் போட்டிருந்தது.

மாணவரைக் கூப்பிட்டேன். நீல நிற நைலான் பை, விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. “வீட்டில் என்னப்பா தொழில்?” என்றேன். “பூ சார்” என்றார். ஒடுகத்தூர்ப் பக்கம் கிராமம். அரை ஏக்கர் மல்லி. விடியற்காலை பறித்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இவர்தான் கொண்டுவந்து போட வேண்டும். அப்பாவுக்குக் கண் சரியில்லை. மற்ற நாள் அந்த ஊரிலிருந்து வரும் வேன்காரரிடம் கொடுத்துவிடலாம். விலை ஏறும் நாளில் கூடவே வந்து நின்று விற்றால்தான் நாலு காசு பார்க்க முடியும். ஆடி வெள்ளி. பிறகு ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாட்கள்.

சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் புரட்டினேன். அந்தத் திங்களும் வியாழனும் புதனும் முகூர்த்தம். ஒழுங்கற்ற வருகை என்று கணினி சொன்னது, பஞ்சாங்கத்தைப் பிடித்துப் பார்த்தால் மணி அடித்தாற்போல் ஒழுங்காக இருந்தது.

துறைத்தலைவரிடம் பேசி, அந்த வகுப்பின் வெள்ளிக்கிழமை முதல் மணியை நூலக நேரமாக மாற்றி, நூலக வருகையை மாலையில் ஈடுகட்டிக்கொள்ள விட்டோம். முகூர்த்த நாட்களுக்கு வழி இல்லை. எத்தனை நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். புரட்டாசியில் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். செய்தார்.

அந்தக் கருவி இல்லாமல் நவம்பர் வரை எனக்கு இது தெரிந்திருக்காது. இதுவும் உண்மை. 58 பேரில் ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் தாமதமாவதை மனிதக் கண் எளிதில் பிடிக்காது.

பதில் சொல்வது

கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, போனஃபைட் சான்றிதழ் எங்கே வாங்குவது, புதுமைப் பெண் திட்டத்துக்கு என்ன தாள் வேண்டும், மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது. இவற்றுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே டியூட்டரின் தொண்டை வறளும். உரையாடல் நிரல், அதாவது சாட்பாட், உதவுவது இங்கேதான்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கேள்வி, பதில் இரண்டையும் அலுவலகம் முன்பே எழுதிவைத்திருக்கும். மாணவர் எப்படிக் கேட்டாலும் அது எந்தக் கேள்விக்கு நெருக்கம் என்று பார்த்து, எழுதிவைத்த பதிலை நிரல் எடுத்துக் கொடுக்கும். புரியாவிட்டால் மனிதருக்கு அனுப்பும். மேலே சொன்ன ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் இப்படி ஒன்றைக் குறுஞ்செய்தி வழியாக நடத்தியது. இடம் கிடைத்தும் கோடை விடுமுறைக்குப் பிறகு சேர வராமல் போகிற மாணவர்களின் எண்ணிக்கை அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பெரிய ஆலோசனை எதையும் அது சொல்லவில்லை. இந்தத் தாளை இந்தத் தேதிக்குள் கொடு என்று சரியான நேரத்தில் நினைவூட்டியது, இரவு பதினொரு மணிக்குக் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னது. இரவு பதினொரு மணிக்கு டியூட்டரைக் கூப்பிட மாணவர் கூச்சப்படுவார். டியூட்டரும் எடுக்க மாட்டார்.

இரண்டாம் வகை இப்போது எல்லார் கைபேசியிலும் இருக்கிற ஏ.ஐ. உரையாடல். இதன் அடியில் இருப்பது மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பது அது. நன்றாகப் பேசும். தெரியாததையும் தெரிந்தது போலவே பேசும். அதனிடம் அரியர் விதியைக் கேட்டால் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த ஆண்டு விதியைச் சொல்கிறது என்று உறுதி கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு ரெகுலேஷன் 2017, 2021 என்று ஒன்றுக்கு மேல் உண்டு. நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷன்தான் உங்களுக்கு. 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் படிப்பவருக்கு இவை எதுவுமே பொருந்தாது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, பதில் சொல்வதற்கு முன் குறிப்பிட்ட ரெகுலேஷன் புத்தகத்தின் உரிய பக்கத்தைத் தேடி எடுத்து, அதைப் பார்த்தே சொல்லும்படி மொழி மாதிரியை அமைப்பது. எந்தப் பக்கம் என்றும் காட்டச் சொல்லலாம். பிழை குறையும், முழுக்க ஒழியாது. ஆகவே என் மாணவர்களிடம் சொல்வது: கடிதம் எழுத, பாடத்தை விளக்கிக் கேட்க, நேர்காணலுக்குப் பழக அதைப் பயன்படுத்து, தேதி, கட்டணம், விதி மூன்றையும் அலுவலகச் சுற்றறிக்கையில் பார்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே பதில். அது அறிவிப்புப் பலகை. நல்ல பலகைதான். ஆனால் யார் படித்தார், யாருக்கு இது பொருந்தும், யார் பதில் சொல்லாமல் ஒதுங்கி நிற்கிறார் என்பதை அது கணக்கில் வைப்பதில்லை. அறுபது பேருக்கு ஒரே செய்தி போனால், யாருக்காகப் போனதோ அவர் மட்டும் பார்க்காமல் விட்டுவிடுவது எங்கள் நெடுநாள் அனுபவம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

இந்தக் கருவிகளை விற்கும்போது சொல்லப்படும் வெற்றிக் கதைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பாடத்துக்குப் பாடம் போக்குவரத்து விளக்கு போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும் ஒரு முறை இருந்தது. அந்த விளக்கு இருந்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2013இல் சிலர் கேள்வி எழுப்பினார்கள்: படிப்பை விடாமல் தொடர்ந்தவர்கள்தானே அதிகப் பாடங்களை எடுத்திருப்பார்கள்? எண்பது வயது தாண்டியவர்கள் எண்பது பொங்கல் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆகவே பொங்கல் ஆயுளைக் கூட்டும் என்பது போன்ற தர்க்கம் அது. விளக்கு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. சொன்ன கணக்கு அதை நிறுவவில்லை என்பதுதான் பொருள்.

இதை விடக் கசப்பான ஒன்றும் நடந்தது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் தலைவர், புதிய மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுத்து, யார் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று கண்டறிந்து, புள்ளிவிவரக் கணக்கு எடுக்கும் தேதிக்கு முன்பே அவர்களை அனுப்பிவிட நினைத்தார். படிப்பைத் தொடர்வோர் சதவீதம் காகிதத்தில் உயரும் அல்லவா? விஷயம் வெளியே வந்து, 2016இல் அவர் பதவி விலகினார். உதவிக்காக எடுத்த பட்டியல் களையெடுக்கும் பட்டியலாக மாற அதிக நேரம் ஆகாது.

நம் கல்லூரிக் கணினிகளில் சாதிச் சான்றிதழ், குடும்ப வருமானம், கைபேசி எண், தந்தையின் தொழில் எல்லாம் சேர்க்கையன்றே ஏறிவிடுகின்றன. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களின் கணிப்புக் கருவிகள் மாணவரின் இனத்தையும் ஒரு குறியாக எடுத்துக்கொண்டது 2021இல் செய்தியானது. இங்கே சாதியை அப்படி ஒரு குறியாகச் சேர்த்தால், முந்தைய தலைமுறைக்கு நடந்த அநீதியையே கணினி இந்தத் தலைமுறைக்கான கணிப்பாகத் திருப்பித் தரும். கணினி சொன்னது என்பதால் அதற்கு அறிவியல் முகமும் வந்துவிடும். உதவித்தொகை தருவதற்கு அந்த விவரம் வேண்டும். யார் தேறுவார் என்று கணிப்பதற்கு வேண்டாம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. எந்த விவரத்தை எதற்காக எடுக்கிறீர்கள் என்று மாணவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லக் கல்லூரிகள் பழக வேண்டும்.

யாருடைய எண்?

எல்லாவற்றையும் விடச் சின்ன விஷயம் ஒன்று, எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக் கூடியது. எச்சரிக்கை எங்கே போகிறது?

நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வது பிரவுசிங் சென்டர். மின்னஞ்சல் முகவரியை அங்கேதான் உருவாக்குவார்கள். கடவுச்சொல் கடைக்காரரின் நோட்டில் இருக்கும், அல்லது அவருக்கும் மறந்திருக்கும். கைபேசி எண்ணாக அப்பாவுடையதோ மாமாவுடையதோ போயிருக்கும். ஆறு மாதத்தில் அவர் சிம்மை மாற்றியிருப்பார். எங்கள் சோதனைச் செமஸ்டரில் ஒரு மாணவிக்கு நான்கு முறை எச்சரிக்கை போயிருந்தது. பதிலே இல்லை. அலட்சியம் என்று நானும் நினைத்துவிட்டேன். ஒருநாள் வராந்தாவில் பிடித்துக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை. பதிவில் இருந்த எண்ணை என் கைபேசியிலிருந்து அவர் எதிரிலேயே அழைத்தேன். ஆம்பூரில் யாரோ எடுத்தார். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். ஷூ கம்பெனியில் வேலை செய்பவராம்.

“ஆமாம் சார், வருகிறது. யாரோ ஒரு பெண் காலேஜுக்குச் சரியாகப் போவதில்லை என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது” என்றார். “அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன், யார் என்று தெரியவில்லையே.”

இந்த ஆண்டு முதல் வகுப்பில் நான் பாடத்திட்டம் பேசவில்லை. 58 பேரையும் கைபேசியை எடுக்கச் சொல்லி, தளத்தில் இருக்கும் எண்ணுக்கு அவரவரே ஒரு முறை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். வகுப்பில் மணி அடித்தது 31 கைபேசிகளில்தான்.